கடைசி மடக்கு

"அந்தப் பொண்ணுக்கு எந்தத் தட்டுல போடறதுன்னு இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் எல்லார் முன்னாடியும் நான் முழிச்சுக்கிட்டு நிக்க முடியாது."

அண்ணி சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். கூடத்தில் அண்ணன் அன்றைக்குப் பேசப்போகும் பேச்சை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தான். அவன் பெண்கள் வாலிபால் அணியின் கோச். தலைமைப் பண்பு, குழு ஒற்றுமை என்று யார் கூட்டம் போட்டாலும் முதல் அழைப்பு அவனுக்குத்தான். மறுநாள் இறுதிப் போட்டி. இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் மதியம் பன்னிரண்டு பெண்களுக்கும் கோச் வீட்டில் சாப்பாடு போடுவது அவன் வைத்த வழக்கம்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கை தலையைத் தூக்கினாள். அணிக்கு உதவிக் கோச் அவள்தான்.

"எந்தப் பொண்ணுக்கு அண்ணி?" தெரிந்தேதான் கேட்டாள்.

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத. சாக்கடை அடைப்பு எடுக்கிறவரு மகளுக்கு."

"அவ கேப்டன் அண்ணி."

"அது கிரவுண்டுல. என் அடுப்படியில இல்ல. போன வருஷம் நல்லவேளையா காய்ச்சல்னு வரல. இந்த வருஷம் கல்லுமாதிரி இருக்கா."

அண்ணன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம் உண்டு.

"எல்லாருக்கும் பேப்பர் தட்டு வை. ஒருத்திக்கு ஒண்ணு, இன்னொருத்திக்கு வேறன்னு இருக்காது. சமமா இருக்கும். சாப்பிட்டதும் தூக்கிப் போட்டுடலாம், கழுவற வேலையும் மிச்சம்."

அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. தங்கை வெங்காயத்தைக் கீழே வைத்தாள். ஒருத்தி சாப்பிட்ட தட்டைக் கழுவ மனமில்லாமல் பன்னிரண்டு பேருக்கும் குப்பைக்குப் போகிற தட்டு. அதற்குப் பெயர் சமத்துவமாம். இந்த மூளைக்குத்தான் ஊர் கூடி மாலை போடுகிறது!

"உனக்கே இது அசிங்கமா இல்லையா அண்ணா?"

"நாளைக்கு ஃபைனல். இப்ப எதையாவது கிளப்பி டீமை உடைச்சிடாத. அந்தப் பொண்ணு மனசு ஒடிஞ்சா ஆட்டமும் போச்சு, அவ வருஷமும் போச்சு. யோசிச்சுப் பேசு."

அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். வீட்டுக்குள் எப்படி இருந்தாலும் மைதானத்தில் அண்ணன் வேறு ஆள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எல்லாம் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துத்தான். முக்கியமான ஆட்டம் எதுவானாலும் அதற்கு முன்னால் அணி வட்டமாக உட்காரும். ஒரே பாட்டில் கைமாறும். கேப்டன் முதல் மடக்கு, கோச் கடைசி மடக்கு, யாரும் அண்ணாந்து குடிக்கக் கூடாது. "ஒரே வாய்த் தண்ணி குடிச்சவங்க ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டாங்க" என்று அண்ணன் போகிற இடமெல்லாம் சொல்வான். கேட்பவர்கள் உருகிப் போவார்கள்.

பெண்கள் வந்தார்கள், கூடம் நிறைந்தது. பேப்பர் தட்டில் குழம்பு ஊறிக் கையில் வழிந்தது. கேப்டன் தட்டை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள், பிறகு சாப்பிட்டாள். சாப்பாடு முடிந்ததும் அண்ணன் எழுந்து நின்று, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று கால்மணி நேரம் பேசினான். 'குடும்பம்' என்று சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். கேட்கச் சகிக்கவில்லை. அணி வட்டமாக உட்கார்ந்து கேப்டன் பாட்டிலைத் திறந்தபோது தங்கை மிச்சப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால் அண்ணன் பாட்டிலோடு உள்ளே வந்துகொண்டிருந்தான். அடியில் ஒரு மடக்குத் தண்ணீர் இருந்தது. அவளைக் கவனிக்காமல் நேராகத் தொட்டிக்குப் போய் அதைக் கவிழ்த்தான். குழாயைத் திறந்து விரல்களைக் கழுவினான். ஈரக் கையால் உதட்டைத் தடவிக்கொண்டு திரும்பியபோதுதான் அவளைப் பார்த்தான்.

"வாயை மூடிக்கிட்டு இரு," என்றான் மெதுவாக. "நாளைக்கு ஒரு நாள்தான்."

கூடத்துக்குப் போய், "குடிச்சாச்சு! கப்பு நமக்குத்தான்!" என்று கத்தினான். கைதட்டல் கேட்டது. செல்போன் அடிக்க, பேசிக்கொண்டே தெருவில் இறங்கினான்.

சொன்னால் அணி உடையும், அந்தப் பெண்ணின் உழைப்பு பாழாகும். சொல்லாவிட்டால் இந்தப் புழுத்த பொய்க்குத் தானும் கூட்டு. தங்கை கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"கோச் குடிக்கல," என்றாள். "தொட்டியில ஊத்திட்டாரு. நான் பார்த்தேன்."

யாரும் திடுக்கிடவில்லை. கேப்டன் தன் தட்டை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"கிரவுண்டுலயும் அப்படித்தான். ஸ்டோர் ரூமுக்குப் பின்னால போய் ஊத்திட்டு வாயைத் துடைச்சுக்கிட்டே வருவாரு. நான் டீமுக்கு வந்த நாள்லேர்ந்து. ரெண்டு வருஷமாச்சு."

"பார்த்தது நான்தான்," என்றாள் செட்டராக ஆடும் நெட்டைப் பெண். "அதுவரைக்கும் யார் முதல்ல சர்வ் போடறதுன்னுகூட அடிச்சுக்குவோம். அன்னிக்கோட எங்க சண்டை நின்னுபோச்சு. அடுத்த மாசமே சீட்டு எழுதிப் போட்டு இவளைக் கேப்டனாக்கினோம். அவரு வாயைத் துடைச்சுக்கிட்டு வர்ற அழகைப் பார்த்துட்டுக் கோர்ட்டுல இறங்குனா தோக்கவே தோணாதுக்கா."

"டீமை ஒண்ணா சேர்த்தது சார்தான்," என்றாள் கேப்டன். "அதுல பொய்யில்ல."

பெண்கள் சிரித்தார்கள். தங்கையால் சிரிக்க முடியவில்லை. ஒவ்வொருத்தியும் தன் தட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். இந்த வீட்டுக் குப்பைத் தொட்டிக்குக்கூட எதையும் விட்டுவைக்க அவர்களுக்கு விருப்பமில்லை.

செருப்பு மாட்டும்போது கேப்டன் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காதீங்க. பாட்டில் சுத்தி வர்ற நேரம் பார்த்து நீங்க பந்துக்குக் காத்தடிக்கப் போயிடுவீங்க. இன்னிக்கும் உள்ள போயிட்டீங்க. ஏன்க்கா?"

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பந்துக்குக் காற்றடிக்கும் வேலையைத் தங்கைக்கு யாரும் கொடுக்கவில்லை. இந்தப் பெண் அணிக்கு வந்த வாரம் தங்கை தானாகவேதான் அதை எடுத்துக்கொண்டாள்.