அடங்காத தண்டு

லாரியின் முன்சக்கரம் எடைமேடையை விட்டு இறங்குவதற்குள் ராஜம்மாள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். பிரேக் அலறியது. பம்பருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி.

"ஏனுங்க்கா, சாகோணும்னா வேற வண்டி பாருங்க!" டிரைவர் தனபால் தலையை நீட்டிக் கத்தினான். "உங்க எடையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். சேலத்துல போட்டுக்கறேன்."

"லோடுக்குள்ள ஆள் இருக்கு தனபாலு. இஞ்சின அமத்து."

சங்ககிரி எடைமேடையில் காலையிலிருந்து கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. பழைய தண்டில்தான் எடை. மேடைக்கு அடியிலுள்ள நெம்புகோல்கள் லாரியின் பாரத்தை அறைக்குள் இருக்கும் இரும்புத் தண்டுக்குக் கொண்டுவரும். ராஜம்மாள் அதில் குண்டை நகர்த்துவாள். தண்டு மட்டமாக நிற்கும்போது குண்டு காட்டுவதுதான் எடை.

தனபாலின் லாரிக்குத் தண்டு நிற்கவில்லை. ஏறியது. இறங்கியது. ஓய்ந்தது போலிருந்து மறுபடியும் துடித்தது.

"தண்டு காத்துல ஆடியிருக்கும்க்கா."

"எங்கடா காத்து? வேப்பெலை ஒண்ணு அசையுதா? இஞ்சின அமத்தி, உன்னையும் கீழ எறக்கிட்டுத்தான பாத்தேன்? கெழங்கு மாவு மூட்டை பொரண்டு படுக்குமா சாமி?"

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அக்காவுக்கு மண்டைல வெயில் ஏறிப்போச்சு!"

"தார்ப்பாய அவுத்துக் கட்ட அரை நாள் ஆகும்," என்றான் தனபால். "நாளன்னிக்கு நான் நாக்பூர்ல நிக்கோணும்."

"நிப்ப. பொணத்தோட நிப்ப."

மே மாதம், மூன்று மணி வெயில். தார்ப்பாயைத் தொட்டால் கை பொசுங்கும். உள்ளே இருப்பவன் இன்னும் எத்தனை நிமிடம் தாங்குவான்? ராஜம்மாள் இளநீர்க் கடை அரிவாளைப் பிடுங்கினாள். தனபால் குதித்து வருவதற்குள் இரண்டு கயிறுகள் அறுந்து விழுந்தன.

"அய்யோ, கயிறு புதுசுங்க!"

"ஏறிப் பாரு. ஆள் இல்லீன்னா இந்த அரிவாள உன்ற கையில தாரேன்."

தனபால் திட்டிக்கொண்டே ஏறினான். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு குழி. லோடு ஏற்றுகிறவர்கள் நின்று அடுக்குவதற்காக விடுவார்கள். கடைசியில் வெறுஞ்சாக்குக் கட்டுகளைப் போட்டு மூடிவிடுவார்கள். முதல் கட்டைத் தூக்கினான். இரண்டாவது. மூன்றாவது.

ஒரு கால்.

"ஆண்டிண்ணா!"

ஜவ்வரிசி மில்லில் லோடு ஏற்றுகிற ஆண்டி. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நிழலுக்காகக் குழியில் படுத்துக் கண்ணசந்திருக்கிறான். அவன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்து மற்றவர்கள் மேலேயே சாக்கைப் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகு ஆண்டியின் உதடு அசைந்தது. "எவன்டா... என்ற செருப்ப எடுத்தது?"

டீக்கடைக்காரர் இந்த முறையும் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. ஆட்டோ ஒன்று ஆண்டியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

தனபால் அறுந்த கயிற்றைப் பொறுக்கிக்கொண்டு அவளிடம் வந்தான். "எப்புடீங்க்கா அத்தன உறுதியாச் சொன்னீங்க?"

ராஜம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பதிமூணு வருசத்துக்கு முந்தி ஒரு நா, தண்டு இதே மாதிரி ஆடுச்சு. காத்துன்னு நெனச்சு நானே சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பிச்சுட்டேன்."

"அந்த ஆளு?"

"லோடு ஏத்தப் போன உங்கப்பன் சடையன் ராய்ப்பூர் போற வழியில மார்வலி வந்து செத்தாருன்னுதான உங்க ஊட்டுல சொன்னாங்க?" அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "மார்வலி இல்ல சாமி. தார்ப்பாய்க்குள்ள இருந்தாரு."