கருத்துக் கேட்டு முடியுமுன்

முதியோர் இல்லத்தின் மாடி அறையில் ஒரு கிழவருக்கு ஓட்ஸ் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோதுதான் சுபாஜினி அந்த மஞ்சள் இயந்திரத்தைக் கண்டாள். ஜன்னலுக்கு எதிரே நகரத்தின் பெரிய பள்ளிக்கூடம். அதன் உதைபந்தாட்டத் திடலை ஜனவரி மழைக்குள் அது கிளறிக்கொண்டிருந்தது. இடைவேளை வந்ததும் சீருடைக்கு மேல் ஜாக்கெட்டைக் கொழுவிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள்.

"என்ன கட்டுகிறீர்கள்?" என்று டேனிஷில் கேட்டாள்.

வேலி ஓரம் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஆள் சாதாரணமாகச் சொன்னான். "கட்டவில்லை. பெட்டி வகுப்பறைகள் கொண்டுவந்து வைக்கப்போகிறோம். ஓகஸ்டில் நிறையப் பிள்ளைகள் வருகிறார்களாம்."

"எப்போது சொன்னார்கள்?"

"இலையுதிர்காலத்திலேயே ஒப்பந்தம் ஆகிவிட்டதே."

சுபாஜினிக்கு முகம் முழுக்கக் கொதித்தது. ஓகஸ்டில் வரப்போகும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அவளுடைய மகள் நிலக்சி. ஆனால் அப்படி வரவேண்டும் என்று இன்னும் யாரும் முடிவெடுக்கவில்லை. குறைந்தபட்சம், கொம்யூன் என்ற நகர நிர்வாகம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அவர்கள் குடியிருந்த தொடர்மாடிகளுக்குப் பக்கத்தில் மேற்குப் பள்ளிக்கூடம் என்று சின்னதாக ஒன்று இருந்தது. தமிழ்ப் பிள்ளைகள், சோமாலியப் பிள்ளைகள், பக்கத்துத் தெரு டேனிஷ் பிள்ளைகள் என்று எல்லாரும் நடந்தே போய் வந்தார்கள். ஊரில் பிள்ளைகள் குறைகிறார்கள், அந்தப் பள்ளிக்கூடத்தை மூடி மாணவர்களை மூன்று பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பலாம் என்று நவம்பர் கடைசியில் நகரசபை ஒரு யோசனையை வெளியிட்டது. யோசனைதான், முடிவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சட்டப்படி முதலில் பெற்றோரிடம் கருத்துக் கேட்கவேண்டும். ஊரார் எழுதுவதையெல்லாம் வாசித்த பிறகுதான் சபை வாக்கெடுக்கும்.

பெற்றோர் தேர்ந்தெடுத்த பள்ளிச் சபையில் சுபாஜினி ஓர் உறுப்பினர். வேலை முடிந்து வந்து, சமைத்துவிட்டு, மாலை மாலையாக உட்கார்ந்து பெற்றோரின் பதிலை எழுதியவள் அவள்தான். டேனிஷ் எழுத வராத தாய்மாரின் வீட்டுக்கெல்லாம் போய், அவர்கள் சொன்னதைக் கேட்டு மொழிபெயர்த்தும் கொடுத்தாள். கருத்துக் கேட்பு முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. இங்கே திடலைத் தோண்டியாகிவிட்டது.

மறுநாள் மேற்குப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை அன்னெ மெட்டெயின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அன்னெ மெட்டெ பேனாவை மேசையில் வைத்தாள். "நான் கொம்யூனின் ஊழியர், சுபாஜினி. மேலிடத்து விஷயங்களை வெளியில் பேசினால் அது விசுவாசக் குறைவு."

"பிள்ளைகளுக்கு விசுவாசம் வேண்டாமா?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.  தெரியும் என்பதற்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

அன்று மாலை ரஜிதனுடைய வீட்டு மணியை அடித்தாள். ரஜிதன் இந்த ஊரிலேயே பிறந்த பெடியன். வழக்கறிஞர் படிப்புப் படித்தவன். மூன்று வருடத்துக்கு முன் நகரசபைத் தேர்தலில் நின்றபோது, எங்கட பிள்ளை ஒன்று அங்கே இருக்கவேண்டும் என்று மாடி மாடியாக ஏறித் துண்டுப் பிரசுரம் கொடுத்தவள் சுபாஜினி. அவன் வென்றான். பிள்ளைகள், பள்ளிக்கூடங்கள் சம்பந்தமான குழுவிலும் இடம் கிடைத்தது.

"வாங்கோ அக்கா, தேத்தண்ணி குடிப்பம்."

"தேத்தண்ணி வேண்டாம். பெரிய பள்ளிக்கூடத்துத் திடலைக் கிண்டுறாங்கள். உனக்குத் தெரியுமோ தெரியாதோ?"

அவன் உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து கதவைப் பாதி சாத்தினான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. பள்ளிக்கூடத்தை மூடுறது பஜெட் ஒப்பந்தத்தில ஒக்டோபரிலேயே முடிஞ்சுது. எல்லாக் கட்சியும் கையெழுத்து வைச்சது. நான் ஒராள் மாட்டன் எண்டு சொன்னாலும் அது பாஸாகும்."

"அப்ப ஏன் எங்களை எழுதச் சொன்னனி? போன கிழமை கோயிலில வைச்சு, வடிவா எழுதுங்கோ அக்கா, அவங்கள் வாசிப்பாங்கள் எண்டு சொன்னது நீதானே?"

"ஹோரிங் எண்டு கருத்துக் கேக்கிறது ஒண்டு சட்டத்தில இருக்கு. அதைச் செய்யத்தானே வேணும்."

"நாங்கள் எழுதினது சட்டத்துக்கோ?"

"அக்கா, உள்ளுக்க இருந்தாத்தான் ஏதாவது எடுக்கலாம். உங்கட தெருப் பிள்ளையளுக்கு பஸ் விட வேணும் எண்டு நான்தான் நிண்டு வாங்கினனான். சட்டப்படி அந்தத் தூரத்துக்கு பஸ் குடுக்கத் தேவையே இல்லை."

"நடந்து போற பள்ளிக்கூடத்தை எடுத்துப்போட்டு எங்களுக்கு பஸ் வாங்கித் தந்திருக்கிறாய். அதுக்கு நான் நன்றி சொல்லோணும் என்ன?"

அவனுடைய முகம் சுருங்கியது. "உங்களுக்கு அரசியல் விளங்கேல்லை அக்கா."

அவள் படியிறங்கினாள். மூடுகிறார்கள் என்பதுகூட இரண்டாவதுதான். தன்னைக் கொண்டே மற்றத் தாய்மாரை நம்பவைத்திருக்கிறார்கள். இராசலட்சுமி என்ற தாய், மகன் புது இடத்தில் வாயே திறக்கமாட்டான் என்று அழுதழுது சொன்னதை சுபாஜினி ஒரு சொல் விடாமல் எழுதிக் கொடுத்திருந்தாள். அதை யாரும் வாசிக்கப்போவதில்லை என்று அவளுக்கு எப்படிப் போய்ச் சொல்வது?

பெப்ரவரிக் கடைசியில் நகரசபை கூடியது. கூட்டம் தொடங்குமுன் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். சுபாஜினி ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள்.

"வகுப்பறைப் பெட்டிகளுக்கு எப்போது ஒப்பந்தம் செய்தீர்கள்? கருத்துக் கேட்பதற்கு முன்பா, பின்பா?"

மேயர் மரியாதையாகச் சிரித்தார். "இன்றைய நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயம் பற்றிக் கேள்வி நேரத்தில் கேட்க முடியாது. அதுதான் விதி."

"முடிவெடுத்த பிறகு கேட்டால் பிரயோசனம் என்ன?"

"நன்றி. அடுத்தவர்."

ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். அவள் நகரவில்லை. தன் உச்சரிப்பு எல்லாருக்கும் கேட்கும் என்று தெரிந்தும், குரலை உயர்த்தி அதே கேள்வியை மறுபடி கேட்டாள். முன்வரிசையில் யாரோ தாள்களைப் புரட்டினார்கள். மேற்குப் பள்ளிக்கூடத்து டேனிஷ் அப்பா ஒருவர் எழுந்து கைதட்டினார். பிறகு இன்னும் சிலர். காவலாளி வந்து அவளுடைய முழங்கையைத் தொட்டபோது, "தொடவேண்டாம். நானே போவேன்" என்று சொல்லிவிட்டுத் தன் இருக்கைக்குப் போனாள்.

வாக்கெடுப்பு சீக்கிரம் முடிந்தது. ரஜிதன் ஆம் என்று வாக்களித்தான். அவள் இருந்த பக்கம் அவன் பார்க்கவேயில்லை.

பெற்றோர்கள் சேர்ந்து, நகரசபைகளை மேற்பார்வை செய்யும் அரச அலுவலகத்துக்கு முறைப்பாடு அனுப்பினார்கள். கோடை விடுமுறைக்குச் சற்று முன் பதில் வந்தது. கொம்யூன் நடந்துகொண்ட முறை கண்டிக்கத்தக்கது. ஆனாலும் முடிவு செல்லும். சுபாஜினி அதைக் கணவன் கோணேசனுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.

"பிழை எண்டு சொல்லுறாங்கள், ஆனா ஒண்டும் செய்யமாட்டாங்களாம். அப்படித்தானே?" என்றான் அவன்.

"ஓம். அப்படித்தான்."

ஓகஸ்டில் நிலக்சி பெட்டி வகுப்பறைக்குப் போனாள். அவளோடு பாலர் வகுப்பிலிருந்து ஒன்றாக இருந்த ஜதுர்சன் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனான். தொடர்மாடிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் போடவில்லை, கலந்து போட்டிருக்கிறோம் என்று புதுப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னார்கள். "அம்மா, எங்களை ஏன் கலக்கிறார்கள்?" என்று மகள் டேனிஷில் கேட்டாள். 

செப்டெம்பரில் செலவுக் குறைப்பு என்று பஸ்ஸையும் நிறுத்தினார்கள். ஒக்டோபரில் ரஜிதன் தொலைபேசி எடுத்தான். நவம்பரில் தேர்தல். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வந்து பெற்றோரோடு ஐந்து நிமிடம் கதைக்கலாமா என்று கேட்டான்.

"வா. ஆனா உனக்கு முன்னம் நான் கதைப்பன்."

அவன் வரவில்லை. அவள் பேசினாள். ஒழுங்காக அடுக்கி அல்ல, கோபம் வந்த வரிசையில். திடல், கோயில் வாசலில் அவன் சொன்னது, ஒலிவாங்கி, பஸ். பின்வரிசையில் பஸ்தியாம்பிள்ளை அண்ணை தலையை ஆட்டினார்.

"எங்கட பெடியன் பிள்ளை. நாங்களே அவனை விழுத்துறதோ? வெள்ளையள் என்ன நினைப்பாங்கள்?"

"அண்ணை, எங்களை விழுத்தேக்க அவன் ஆருடைய பெடியனாய் இருந்தவன்?"

 இராசலட்சுமி மட்டும் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றாள்.  அவளுடைய மகன் புதுப் பள்ளிக்கூடத்தில் ஓகஸ்டிலிருந்து வாய் திறக்கவில்லை.

நவம்பரில் ரஜிதன் மீண்டும் வென்றான், வாக்குகள் கொஞ்சம் குறைந்திருந்தன. அடுத்த கிழமை சுபாஜினி புதுப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாள். பழைய விஷயங்களை விட்டு முன்னோக்கிப் பார்ப்போம் என்று தலைவர் தொடங்கினார். அவள் கையை உயர்த்தினாள். அவர் மற்றவர்களுக்கெல்லாம் பேச இடம் கொடுத்து முடிக்கும்வரை கையை இறக்கவில்லை.