ஓரகத்தியின் ரத்தம்

“அவ ரத்தம் வேணாம்,” என்றாள் சின்னப்பிள்ளை. “மலடி ரத்தம் ஏறுனா என் சின்ன மருமவ வயிறும் அப்படித்தான் போவும்.”

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில், எதிர் பெஞ்சில்தான் மூத்த மருமகள் பங்கஜவல்லி உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகக் குரலைத் தணிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

உள்ளே ஓரகத்தி சொர்ணாம்பாள் கிடந்தாள். மூன்றாம் மாதத்தில் கரு கலைந்து, வயிற்றைச் சுத்தம் செய்துகொண்டு ஊருக்கு, குரும்பகரத்துக்குத் திரும்பியவள். சில நாள் ஒன்றுமில்லை. பிறகு திடீர் திடீரென்று ரத்தம் பீறிட்டது. மிச்சம் கழிகிறது என்று சின்னப்பிள்ளை கஷாயம் கொடுத்தாள். மயங்கி விழுந்த பிறகுதான் கார் வந்தது.

அந்த நாட்களில் சொர்ணத்துக்குப் பத்தியச் சோறு. தலைமாட்டில் உட்கார்ந்து அழ ஆட்கள். அதைப் பார்த்தும் பங்கஜத்துக்கு எரிந்தது. பறிகொடுக்கக்கூட அவளிடம் ஒன்றும் இருந்ததில்லை.

டாக்டரம்மா, சாயம் ஏற்றி எடுத்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“சுத்தம் பண்ணுனப்ப கர்ப்பப்பைக்குப் போற ரத்தக்குழாய்ல காயம் பட்டிருக்கு. பாருங்க, கொப்புளம் மாதிரி வீங்கியிருக்கு. அதான் விட்டுவிட்டுப் பீச்சுது. மறுபடி சுத்தம் பண்ணப் போனா உயிருக்கே ஆபத்து. வயித்தத் தெறந்து குழாயக் கட்டணும். ரத்தம் இருந்தா நிதானமாக் கட்டுவேன். இல்லேன்னா கர்ப்பப்பையையே எடுத்துடுவேன். அபூர்வமான குரூப்பு. வந்தவங்கள்ல இவங்களுது மட்டுந்தான் சேருது.”

எடுத்துவிடுவார்கள். பங்கஜத்தின் நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம் அவளும் நானும் ஒன்றுதான். இதற்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மாமியாரே தடுத்துவிட்டாள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

டாக்டரம்மா நகர்ந்ததும் சின்னப்பிள்ளை இளைய மகன் பக்கம் சாய்ந்தாள்.

“எடுத்தா எடுக்கட்டும்டா தெட்சிணாமூர்த்தி. நெரவியில ஒரு பொண்ணு இருக்கு. நெல்லறுப்பு முடியட்டும், பேசிடுவோம்.”

சொர்ணத்தின் புருஷன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுக்கவில்லை.

முன்பு பங்கஜத்துக்குப் பதிலாகவும் ஒருத்தியைப் பார்த்தார்கள். அவள் புருஷன் முடியாது என்றதால்தான் அவள் இன்னும் அந்த வீட்டில் சாப்பிடுகிறாள்.

அவள் எழுந்தாள்.

“எங்க போற?”

“ரத்தம் குடுக்க, அத்தை.”

“நாந்தான் வேணாங்கறனே.”

“ஒங்களயா கேட்டாங்க? எங்கிட்டல்ல கேட்டாங்க.”

ஊசி ஏறியபோது அன்பு ஒன்றும் ஊறிவிடவில்லை. அடுத்த வருஷம் சொர்ணத்தின் வயிறு மேடிட்டால் தனக்கு மறுபடி எரியும் என்று அவளுக்குத் தெரியும். எரியட்டும். எரிவதற்காவது சொர்ணம் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

சாயங்காலம் டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

“ரெண்டு பக்க ரத்தக்குழாயையும் கட்டியாச்சு. ரத்தம் நின்னுடுச்சு. கர்ப்பப்பைய எடுக்கல. பின்னால புள்ள பெத்துக்க வாய்ப்பு இருக்கு.”

சின்னப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு கேட்டாள்:

“அந்த ரத்தம் ஒடம்புல எத்தன நாளைக்கு நிக்கும் டாக்டரம்மா?”

“மூணு, நாலு மாசம். ஏன்?”

சின்னப்பிள்ளை மகனிடம் திரும்பினாள். “அதுவரைக்கும் அவகிட்ட போவாதடா.”

பங்கஜம் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள்.

“அதுக்குள்ள போயி, புள்ள உண்டாயிட்டா என்ன பண்ணுவீங்க அத்தை? அதையும் வேணாம்னு சொல்லுவீங்களா?”