புள்ளி வைத்த உறுப்பினர்

பல்லக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது குழுவில் இருந்தவர்கள்தான். பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். மெழுகில் பல்லை வரிசையாக நட்டு, அச்சு எடுத்து, கடைசியில் சின்ன மோட்டாரில் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அந்த மோட்டாரின் புண்ணியத்தில் வலது காதில் ஆறு வருடமாக ஓயாத இரைச்சல். மெல்லிய கம்பியை இழுத்துக்கொண்டே போவது போல ஒரே ஓட்டமாக ஒரு சத்தம். மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு சமாச்சாரம், பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பழகிக்கொள்ள ஆள் தேடியபோதுதான் ‘காதுக்குள்ளே’ என்ற குழு ஃபோனில் கிடைத்தது. இல்லாத சத்தம் கேட்கிறவர்களுக்கான குழு. ஆரம்பித்தவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவள் சேர்ந்த மூன்றாவது மாதமே, இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதிப் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டு வெளியேறினார். உறுப்பினர்கள் முப்பத்தெட்டுப் பேர். பேசுகிறவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் எல்லாவற்றையும் படிப்பார்கள், மூச்சுவிட மாட்டார்கள்.

ஒரே வீட்டில் இருந்த தம்பி, லிஃப்ட் பழுது பார்க்கிறவன், அவள் ஃபோனும் கையுமாக இருப்பதைப் பார்த்துச் சிரிப்பான்.

“பல்லக்கான்னு பேரு வச்சதுக்குப் பல்லக்குத்தான் தூக்கிட்டிருக்க. உள்ள உக்காந்திருக்கறவங்க இறங்கி நடக்கவே மாட்டாங்க.”

அவள் விடவில்லை. தினமும் மதியம் பன்னிரண்டுக்கு, சாப்பாட்டு இடைவேளையில், ஒரு கேள்வி போட்டாள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி. ‘இன்னைக்கு உங்க காதுல என்ன?’ யார் பதில் எழுதினாலும் கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள், அவர்கள் சொன்னதை நினைவில் வைத்து இரண்டு வரி எழுதினாள். புதன்கிழமைக் கேள்வியைக் குழுவில் இருந்த தையல்காரம்மாவிடம் ஒப்படைத்தாள். புதிதாக வருகிறவர்களை வரவேற்கும் வேலையை ஒரு நூலகருக்குக் கொடுத்தாள். எழுதாதவர்களை ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. தனித்தனியாக நலம் விசாரித்தாள்.

இரண்டே மாதத்தில் குழு கலகலப்பானது. ஒருவருக்குத் தூரத்தில் யாரோ சுவரில் துளை போடும் சத்தம். நூலகருக்குப் பழைய ஃபிரிட்ஜ். தையல்காரம்மாவுக்கு அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, யாரும் இறக்கிவைப்பதில்லை. ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டார்கள். வீட்டில் சொல்லி அலுத்ததை இங்கே சொல்லிச் சிரித்தார்கள்.

மிச்சமிருந்தது ஒரே ஒருவர்தான். முதல் நாளிலிருந்தே இருக்கிற உறுப்பினர். படம் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. ஆனால் எந்தச் செய்தி போட்டாலும் பார்த்தவர்கள் பட்டியலில் முதலில் வருவது அந்தக் கோடுதான். பல்லக்கா பலமுறை எழுதினாள். பதில் இல்லை. ஒரு மதியம் இப்படி எழுதினாள்:

“எழுதறது சிரமமா இருந்தா ஒரு புள்ளி மட்டும் வைங்க. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும்.”

மறுநாள் அவள் கேள்வி போட்ட அடுத்த நொடி குழுவில் ஒரு புள்ளி விழுந்தது.

குழுவே கொண்டாடியது. ‘புள்ளி’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த நாளும் ஒரு புள்ளி. அதற்கடுத்த நாளும். பல்லக்காவுக்கு ஏதோ சாதித்துவிட்ட சந்தோஷம். தம்பியிடம் காட்டினாள். அவன், பரவாயில்லையே, உள்ளே ஆள் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டான்.

பதினைந்தாம் நாள் புள்ளி ஒன்றாக வரவில்லை. மூன்று புள்ளி, ஓர் இடைவெளி, இரண்டு புள்ளி. புதுசாகப் பேசக் கற்றுக்கொள்கிறார் என்று யாரோ எழுதினார்கள். ஒரு மணி ஆனதும் தையல்காரம்மா, தன் தண்ணீர் இன்று விட்டு விட்டுக் கொதிப்பதாகவும், மூன்று கொதி, ஒரு நிறுத்தம், இரண்டு கொதி என்று வருவதாகவும் எழுதினார். எல்லோரும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பல்லக்கா அப்போது ஒரு மேல்செட்டின் முன்பற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். செய்தியைப் பார்த்துவிட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்தாள். மோட்டார் நின்றது. ஆறு வருடமாக ஒரே ஓட்டமாக ஓடிய கம்பி துண்டு துண்டாகியிருந்தது. மூன்று, நிறுத்தம், இரண்டு. ஏழு தடவை எண்ணினாள். பக்கத்து மேஜைக்காரி, பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன யோசனை என்று கேட்டபோது அவள் எட்டாவது தடவை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் கேள்வி போடுவதற்கு முன்பே புள்ளிகள் வந்துவிட்டன. நான்கு, ஒன்று, நான்கு. ஒரு மணிக்கு முப்பத்தோரு பேர் எழுதினார்கள். எல்லோருக்கும் நான்கு, ஒன்று, நான்கு. அதன்பிறகு அவளுடைய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டுக்குப் புள்ளிகள் வரும். ஒரு மணிக்கு ஒவ்வொருவராக ‘வந்துடுச்சு’ என்று எழுதுவார்கள். அந்த வாரத்தில் வாய் திறக்காத உறுப்பினர் ஒருவர்கூட மிச்சமில்லை. அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் அந்தப் பட்டியலைக் கடைசிவரை படிக்காமல் மூடினாள்.

நூலகர் நிதானமான மனிதர். புள்ளியைப் பார்ப்பதால்தான் மனம் அப்படிக் கேட்கிறது என்று வாதாடினார். ஒரு சோதனையும் சொன்னார். நாளை யாரும் குழுவைத் திறக்கக் கூடாது. ஃபோனை அணைத்துவிட வேண்டும். ஒரு மணிக்கு என்ன கேட்கிறதோ அதைக் காகிதத்தில் எழுதி வைத்து, மாலை ஐந்துக்குப் படம் எடுத்துப் போட வேண்டும்.

பல்லக்கா ஃபோனை அணைத்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள். ஒரு மணிக்கு மெழுகுத் தட்டின் ஓரத்தில் இருந்த துண்டுச்சீட்டில் எழுதினாள்: இரண்டு, ஐந்து, ஒன்று. மாலை குழுவைத் திறந்தாள். மதியம் பன்னிரண்டுக்கே வந்து, அதுவரை யாரும் பார்க்காமல் கிடந்தது புள்ளி வரிசை. இரண்டு, ஐந்து, ஒன்று. அதற்குக் கீழே சீட்டுகளின் படங்கள் வந்துகொண்டே இருந்தன. சாய்ந்த எழுத்து, நடுங்கிய எழுத்து, பென்சில், பேனா. எல்லாவற்றிலும் அதே மூன்று எண்கள். நூலகர் போட்ட சீட்டிலும் அதேதான்.

தம்பி அன்று சிரிக்கவில்லை. அந்த உறுப்பினரின் எண்ணை வாங்கித் தானே கூப்பிட்டுப் பார்த்தான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவு செய்த குரல் சொன்னது. இரண்டாவது தடவையும் அதையே சொன்னது. அவன் ஃபோனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான்.

“நீதானே பேசு பேசுன்னு கெஞ்சின. இப்ப அது பேசுது. நிறுத்தச் சொல்லு.”

எப்படி நிறுத்தச் சொல்வது என்று தெரியாமல், சனிக்கிழமை அவள் கண்ணாடிக் கடைக்காரரைத் தேடிப் போனாள். ஒடுக்கமான கடை. சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துகள். அவர் சோதனைக் கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

“அது நான்தாம்மா” என்றார்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“ஒரே ஒருத்தன் இருக்கற குழுவுல யாரு வந்து சேருவாங்க? அதான் இன்னொரு ஃபோன்ல நானே இன்னொரு ஆளா சேந்தேன். ரெண்டு பேர்னு காட்டினா மூணாவது ஆள் வருவாங்கல்ல. வந்தாங்க. அதுக்கப்புறம் அந்த ஃபோனை நான் தொடவே இல்ல.”

இழுப்பறையைத் திறந்து அந்த ஃபோனை எடுத்து வில்லைகளுக்கு நடுவே வைத்தார். தண்ணீரில் விழுந்து மூன்று வருடமாகிறதாம். பேட்டரி உப்பி முதுகு பிளந்திருந்தது. அந்த எண்ணையும் அப்போதே விட்டுவிட்டாராம். அப்படியானால் புள்ளி வைப்பது யார் என்று அவள் கேட்டாள்.

“தெரியாது. ஃபோன் செத்ததுக்கு அப்புறமும் நான் என்ன போட்டாலும் அது முதல்ல படிச்சிருந்துச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்ககிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன். சொல்லியிருக்கணும். சொன்னா நம்புவீங்களான்னு விட்டுட்டேன்.”

அவர் பிறகு துணியை எடுத்து, துடைத்த வில்லையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிறன்று பல்லக்கா குழுவில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். திங்கள் மதியம் அந்த உறுப்பினரை நீக்கப் போவதாகவும் சொன்னாள். பெரும்பாலோர் சரி என்றார்கள். சிலர் ஏன் இன்றே செய்யக் கூடாது என்று கேட்டார்கள். தையல்காரம்மா மட்டும் அவளை நேராகக் கூப்பிட்டார். அதுவரை அவர் குரலை அவள் கேட்டதில்லை. களைத்துப்போன, இதமான குரல்.

“பதினோரு வருஷமா இந்தச் சத்தத்தோட தனியாக் கெடந்தேன். வீட்டுக்காரர் பக்கத்துல படுத்திருப்பாரு, அவருக்கு ஒண்ணும் கேக்காது. இப்பதான் ஒரு மணி ஆனா எல்லாருக்கும் ஒண்ணாக் கேக்குதுன்னு ஒரு நிம்மதி. அதைப் போய்ப் பிடுங்கறீங்களே.”

அது என்ன என்றே நமக்குத் தெரியாதே என்றாள் பல்லக்கா. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டுவிட்டு அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

திங்கள், பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் கூடத்தின் பின்படியில் உட்கார்ந்து குழுவைத் திறந்தாள். உறுப்பினர் பட்டியலில் அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்தாள். நீக்கு என்ற சொல்லின்மேல் விரலைக் கொண்டுபோனபோது திரையின் மேலே ஒரு வரி தோன்றியது. அந்த உறுப்பினர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

புள்ளி வைக்க ஒரு நொடி போதும். அந்த வரி மறையவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம். எதையோ நீளமாக, அடித்துத் திருத்தி எழுதுகிறவர்போல நின்று நின்று தொடர்ந்தது. ஒரு வார்த்தையாவது எழுதுங்கள் என்று மாதக்கணக்கில் கேட்டவள் அவள்தான். படிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமில்லை. வாய்விட்டு, மன்னிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டு அழுத்தினாள்.

ஒரு மணிக்கு அவள் மோட்டாரை நிறுத்திக் காத்திருந்தாள். கம்பி ஒரே ஓட்டமாக ஓடியது. வெட்டும் இல்லை, நிறுத்தமும் இல்லை. ஆறு வருடமாக வெறுத்த சத்தத்தைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலைக்குள் பதினோரு பேர் குழுவைவிட்டுப் போயிருந்தார்கள். தையல்காரம்மாவும் போய்விட்டார். அவர்கள் தனியாக ஒரு குழு ஆரம்பித்திருப்பதாகக் காதில் விழுந்தது. நூலகரும் அவர்களோடு போனதுதான் அவளுக்கு ஆச்சரியம். மிச்சமிருந்தவர்களில் ஏழெட்டுப் பேர்தான் பேசினார்கள். அவள் கேள்வியை மாற்றினாள். காதைப் பற்றிக் கேட்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது, இன்று கை என்ன வேலை செய்தது என்று கேட்டாள். யாராவது எழுதாமல் இருந்தால் இப்போதெல்லாம் வற்புறுத்துவதில்லை.

இரண்டு மாதம் கழித்து நூலகர் திரும்பி வந்தார். அவள் வரவேற்று எழுதினாள். பதிலுக்கு அவர் அவளைக் கூப்பிட்டார். அங்கே எப்படி இருக்கிறார்கள், நிறையப் பேசுகிறார்களா என்று விசாரித்தாள்.

“அங்க யாரும் எழுதறதில்லைங்க. தேவையே இல்ல. ஒருத்தர் நினைச்சா எல்லாருக்கும் கேக்குது” என்றார்.

தையல்காரம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். சந்தோஷமாக இருக்கிறார், அவர் அப்படிச் சந்தோஷமாக இருந்து தான் பார்த்ததே இல்லை என்றார். எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அப்புறம் ஏன் வந்துவிட்டீர்கள் என்று அவள் கேட்டாள்.

அவர் பக்கத்தில் யாரோ புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“எனக்குன்னு ஏதாவது ஒண்ணு தனியாக் கேக்கணும் போல இருந்துச்சு” என்றார்.