நாலாவது நாள்

கோபமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பதினொரு வயசுப் பிள்ளைக்கு அம்மாமேல் எத்தனை நாளைக்குக் கோபம் தாங்கும்? பிடிவாதக்காரிதான், இல்லையென்று சொல்லவில்லை. அதை வேறு எங்கிருந்து எடுத்துக்கொண்டு போனாள், என்னிடமிருந்துதானே. ஆனால் அஞ்சு ஞாயிற்றுக்கிழமையா? அம்மா கூப்பிடுகிறாள் என்று தெரிந்தும் அஞ்சு வாரமாக ஒரு பிள்ளை ஃபோன் பக்கமே வராமல் இருக்குமா? நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? ஹாஸ்டல் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேனே, அதுவா? திரும்பிப் பார்த்திருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருப்பேன் என்று அவளுக்கு யார் சொல்வது?

பால் கேனுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தேய்த்தபடி அவள் இதையே அரைத்துக்கொண்டிருந்தாள். இன்று ஆறாவது ஞாயிறு.

தொழுவத்தில் செவலை கத்தியது. மூன்று நாளாக இதே கத்தல்தான். கன்றுக்குப் பால்குடி மறக்கடிக்க வேண்டும் என்று அதைப் பிரித்து, வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய கொட்டகையில் கட்டியிருந்தார்கள். தாய் கண்ணில் கன்று படக் கூடாது. கன்றின் காதில் தாயின் குரல் விழாமல் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று நாள் கத்தும், நாலாவது நாள் அடங்கிவிடும். பதினாலு வருடமாக இந்த வீட்டில் இப்படித்தான். கன்றை இழுத்துக்கொண்டு போவது அவள் கணவனின் வேலை. அந்த நேரத்தில் தாயின் முகத்தை வேறு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வது அவளுடைய வேலை.

மகளுக்கு வீட்டில் குருணி என்று பெயர். பிறந்தபோது உடைந்த அரிசிக் குருணி மாதிரி அவ்வளவு பொடியாக இருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துபோனது. அடுத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அதில் ஒன்று வரும், ஒன்று வராது. அதனால்தான் ஹாஸ்டல். குருணியின் ஹாஸ்டல் எண் நாற்பத்தேழு. சட்டை, பாவாடை, துண்டு, போர்வை எல்லாவற்றிலும் நாற்பத்தேழு என்று அம்மா உட்கார்ந்து தைத்தாள். வாளியில் மட்டும் கணவன் எழுதினான். கேன்களுக்கு எண் போடுகிற அதே பச்சைப் பெயின்ட்டால், அதே தடித்த எழுத்தில். வாளியைப் பார்த்துவிட்டுக் குருணி கேட்டாள்: "அப்பா, என்னையும் பால் வண்டியிலேயே ஏத்தி அனுப்பிடுவியா?" அன்று மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஹாஸ்டலுக்கு ஒரே ஒரு ஃபோன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை வீட்டிலிருந்து கூப்பிடலாம். பிள்ளைகள் வரிசையில் நிற்கும். ஆளுக்கு ஐந்து நிமிடம். யார் வகுத்த நேரமோ, அவர்கள் வீட்டில் மாடு கிடையாது என்பது மட்டும் நிச்சயம். நாலு மணி என்பது கறவை நேரம். ஐந்தரைக்குச் சாயங்காலப் பால் வண்டி வந்துவிடும். முதல் மாதம் ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் கறந்தாள். வாளியில் பால் பீய்ச்சும் சத்தத்தைக் கேட்டே குருணி கண்டுபிடித்துவிடுவாள். "அம்மா, இது செவலைதானே? கறுப்பியா இருந்தா இவ்ளோ வேகமா வராது." சரியாகச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் அழ ஆரம்பிப்பாள். மீதி நேரம் முழுக்க அழுகைதான். என்ன சாப்பிட்டாள், எங்கே தூங்கினாள் என்று ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அதற்குப் பிறகு ஒருநாள் அவள் ஃபோனுக்கே வரவில்லை. வார்டன் சொன்னாள், விளையாடப் போயிருக்கிறாள் என்று. அடுத்த வாரம் தூங்குகிறாள். அதற்கடுத்த வாரம் தலைக்குக் குளித்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம் படிக்கிறாள், தொந்தரவு வேண்டாம். போன வாரம் காரணம்கூட இல்லை. "அப்புறமா பேசுவா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் நடந்த ஒன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்று கறுப்பிக்குப் பிரசவம். கன்றின் பின்னங்கால் முதலில் வந்து, மூன்று மணியிலிருந்து வீடே தொழுவத்தில் கிடந்தது. கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து ஃபோன் போட்டபோது, குளிக்கிறாள் என்று வார்டன் சொன்னதும், ஒரே ஒரு நொடி, அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவுக்குத்தான் இந்தத் தண்டனை என்று பிற்பாடு தோன்றியது. அம்மாவின் மனசு தொண்ணூறு மைல் தள்ளியிருக்கிற பிள்ளைக்குக் கேட்டுவிட்டதைப் போல.

வாசலில் காலை வண்டியின் ஹாரன் சத்தம். பால் வண்டிக்காரர் இறங்கி வந்தார்.

"என்ன தங்கச்சி, உங்க செவலை என் வண்டி ஹாரனுக்கே போட்டி போடுது? அடுத்த வாரம் அதை முன்னாடி கட்டிக்கிட்டுப் போறேன், ஹாரன் ரிப்பேர் செலவு மிச்சம்."

"கன்னைப் பிரிச்சுக் கட்டியிருக்கு அண்ணே."

"மாப்பிள்ளை எங்க?"

"தீவனம் எடுக்கப் போயிருக்காரு. மத்தியானம் ஆகும்."

அவர் கேனைத் தூக்கி வண்டியில் வைத்தார். அடுத்த கேனை எடுக்காமல் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவருடைய மகளும் அதே ஹாஸ்டலில்தான் இருக்கிறாள். ஒன்பதாவது படிக்கிறாள்.

"கேக்கறேன்னு தப்பா நினைச்சுக்காதே. குருணியை ஏன் ஃபோன்ல பேச வேணாம்னுட்டீங்க?"

"யாரு வேணாம்னா? அவதான் வரமாட்டேங்கறா."

"என் பொண்ணு வேற மாதிரி சொல்றாளே. அஞ்சு வாரத்துக்கு முன்னாடி குருணி வரிசையில நின்னிருக்கா. 'உங்கப்பா பேச வேணாம்னு சொல்லிட்டாரு, நீ போய் விளையாடு'ன்னு வார்டனம்மா அனுப்பிட்டாங்களாம். அதுக்கப்புறம் வரிசைக்கே வர்றதில்லையாம். ஆனா நாலு மணியானா மாடிப்படியில வந்து உக்காந்துக்குவாளாம். மத்தப் பிள்ளைங்க பேசறதைக் கேட்டுக்கிட்டு."

அவள் கையில் இருந்த மூடியைக் கேனில் வைத்து அழுத்தினாள். அது பொருந்தவில்லை. வேறு கேனுடைய மூடி.

"என் பொண்ணு தப்பாக்கூடப் புரிஞ்சுக்கிட்டிருப்பா," என்றார் அவர் அவசரமாக. "அதுக்கு வாய் ஜாஸ்தி. அப்பனைக் கொண்டு பொறந்திருக்கு."

அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் மீதிக் கேன்களைத் தானே ஏற்றிக்கொண்டு போனார்.

மத்தியானம் வரை அவளுக்கு நேரமே நகரவில்லை. சாணி அள்ளினாள். தண்ணீர் காட்டினாள். கேட்க வேண்டியதை மனசுக்குள் கோர்த்துக் கோர்த்துப் பார்த்தாள். 'எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?' என்று ஆரம்பித்தால் சண்டையாகிவிடும். 'ஏன்?' என்று மட்டும் கேட்டால் அவன் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவான். அவனுடைய விளக்கங்கள் எப்போதும் நியாயமாகவே இருக்கும், அதுதான் அவனோடு பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். ஹாஸ்டலுக்கு விட்டுவிட்டு வந்த அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தவன். ஜன்னல் மூடியிருந்தது.

மூட்டைகளை இறக்கிவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தபோது மணி மூன்றாகிவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"வார்டன் பேசினாங்க. வெள்ளிக்கிழமையிலேருந்து பத்து நாள் லீவாம்."

"தெரியும்."

"லீவுக்கு வீட்டுக்குப் போயிட்டு வர்ற பிள்ளைங்கதான் திரும்பவும் அழ ஆரம்பிக்குதாம். புதுசா சேர்ந்ததுங்க அங்கேயே இருந்தா நல்லதுங்கறாங்க. ஸ்பெஷல் கிளாஸும் நடக்குதாம். நான் சரின்னுட்டேன்." ஒரு வாய் சாப்பிட்டான். "இன்னைக்கு அவளை ஃபோனுக்குக் கூட்டிட்டு வருவாங்க. இந்த லீவுக்கு அங்கேயே இரு, அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்னு நீ சொல்லிடு. நீ சொன்னாத்தான் கேப்பா."

"இன்னைக்கு மட்டும் எதுக்குக் கூட்டிட்டு வர்றாங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பால் வண்டிக்கார அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு," என்றாள்.

அவன் தட்டை நகர்த்தவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டான். "உங்கிட்ட சொன்னா நீ தாங்கமாட்டே."

"அஞ்சு வாரமா நான் தாங்கிக்கிட்டுதான் இருக்கேன். என்னத்தைத் தாங்கறேன்னு தெரியாம."

"இங்க பாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்கூடப் பேசிட்டு, புதன்கிழமை வரைக்கும் சாப்பிடாம கிடந்திருக்கா. வார்டன் எனக்கு ஃபோன் பண்ணி, பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னாங்க. கூட்டிட்டு வந்து என்ன பண்றது? அவளும் நம்மளை மாதிரி சாணி அள்ளட்டுமா? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். குரல் காதுல விழுந்தாத்தானே கத்தும்? கொஞ்ச நாள் விழாம இருந்தா அடங்கிடும்னு நினைச்சேன். அடங்கிட்டாளா இல்லையா? இப்ப சாப்பிடறா, தூங்கறா, பரீட்சையில மூணாவதா வந்திருக்கா. வேற என்ன வேணும் உனக்கு?"

அவளுக்கு வந்த கோபத்தில் பாதி அவன்மேல் இல்லை. வருடா வருடம் செவலையின் முகத்தைத் திருப்பிப் பிடித்த கை யாருடையது? பக்கத்துப் பண்ணைக்காரியிடம், மூணு நாள் பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் ஒண்ணும் தெரியாது என்று சொல்லிக்கொடுத்தது யார்? அவன் புதிதாக எதையும் செய்யவில்லை. தெரிந்த வேலையைத் தெரிந்த மாதிரி செய்திருக்கிறான். இந்த முறை திருப்பிப் பிடித்தது அவளுடைய முகத்தை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"நாலாவது நாள் அது அடங்கறதில்லைங்க," என்றாள். "தொண்டை கட்டிடுது. பக்கத்துல உக்காந்து கறக்கறவ நான், எனக்குத் தெரியும். வாயைத் திறக்கும், சத்தம் வராது. மறந்துடுச்சுன்னு நாம சொல்லிக்கறோம்."

"மாடும் பிள்ளையும் ஒண்ணா?"

"அதை நீங்க என்னைக் கேக்கறீங்களா?"

செவலை கத்தியது. காலையில் இருந்த வேகம் அதில் இல்லை.

நாலு மணிக்கு அவள் ஃபோனை எடுத்தாள். லைன் பிசி. மறுபடியும் பிசி. எத்தனையோ வீட்டில் எத்தனையோ அம்மாக்கள் அதே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்கள். கறுப்பியைக் கறந்து முடிக்கிற வரை ஒரு கையால் அழுத்திப் பார்த்தாள். பிசி. நாலேகால். செவலையின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அது காலை மாற்றி மாற்றி வைத்து இடம் கொடுக்காமல் நின்றது. நாலரை. இருபத்தோராவது முறையோ இருபத்திரண்டாவது முறையோ, மணி அடித்தது.

"நாற்பத்தேழு," என்றாள்.

"ஒரு நிமிஷம். விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடுங்கம்மா, வரிசை நிறைய இருக்கு," என்றாள் வார்டன்.

கணவன் தொழுவத்து வாசலில் வந்து தூணில் சாய்ந்து நின்றான்.

"ஹலோ."

"குருணி."

"நல்லா இருக்கேன்மா. சாப்பிட்டேன்மா. நல்லா படிக்கிறேன்மா."

ஒப்பிப்பது போல மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அழவில்லை. குரலில் அழுகைக்கான அடையாளமே இல்லை. இதைத்தான் அடங்கிவிட்டாள் என்று அவன் சொல்லியிருக்கிறான். அழுதுவிடேன், ஒரே ஒரு தடவை அழுதுவிடேன் என்று அவள் மனசு கெஞ்சியது.

தோளை உயர்த்தி ஃபோனை இடுக்கிக்கொண்டாள். செவலையின் மடியில் கை வைத்து, காலி வாளியில் சத்தமாக விழும்படி இரண்டு பீய்ச்சல் பீய்ச்சினாள்.

"யாருன்னு சொல்லு பாப்போம்?"

அந்தப் பக்கம் பின்னால் வேறு பிள்ளைகள் பேசுவது மட்டும் கேட்டது.

"வார்டன் மிஸ் சொன்னாங்க," என்றாள் குருணி, பெரிய மனுஷி மாதிரி. "நீ எங்கிட்ட லீவைப் பத்தி ஏதோ சொல்லணுமாமே."

கணவன் தூணிலிருந்து நிமிர்ந்தான். சொல்லு என்று கையால் காட்டினான். அவன் முகம் கடுமையாக இல்லை. கெஞ்சுகிற முகமாகத்தான் இருந்தது. சொல்லிவிடேன், இத்தனை வாரம் பட்டதெல்லாம் வீணாகிவிடும் என்பது போல. அவன் சொல்வதில் தப்பு இருக்கிறதா என்றுகூட அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வந்துவிட்டுப் போனால் குருணி மறுபடியும் சாப்பிடாமல் கிடக்கலாம். வார்டன் மறுபடியும் கூப்பிடலாம். எல்லாம் நடக்கலாம்.

"ஆமா, சொல்லச் சொன்னாங்க," என்றாள். "எனக்குச் சொல்ல வரலை. நீ அழுக்குத் துணியெல்லாம் மூட்டை கட்டி வை. வெள்ளிக்கிழமை நான் வந்து கூட்டிட்டு வரேன்."

கணவன் இரண்டு எட்டில் பக்கத்தில் வந்தான். "என்ன பேசறே நீ? ஃபோனைக் குடு. நானே சொல்லிக்கறேன்." கையை நீட்டினான்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. நீளமாக ஒரு மூச்சு, இடையில் எங்கோ தடுக்கி. அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில்:

"செவலைதானே?"

"குடுன்னு சொல்றேன்ல," என்றான் அவன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. தலையை மெல்லச் சாய்த்து, மாட்டின் வயிற்றை ஒட்டியிருந்த காதுக்கு ஃபோனை மாற்றி இடுக்கிக்கொண்டாள். பிறகு இரண்டு கையாலும், சத்தம் நன்றாகக் கேட்கும்படி, கறக்க ஆரம்பித்தாள்.