கதவின் உட்பக்கம்

கிறிஸ்டின் அறைக் கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு அதன்முன் முழங்காலிட்டாள். கைப்பேசியின் விளக்கை ஏற்றி, கதவோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாள். வெளிச்சத்தை நேராக அடித்தால் கீறல் சரியாகத் தெரியாது. பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். அப்போது எவ்வளவு மெல்லிய கீறலும் எழுந்து நிற்கும். ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்குத் தரம் பார்க்கும் வேலை. ஓட்டையும் திட்டும் கீறலும் தேடித் தேடியே கண் பழகியவள். ஒரு கீறலைப் பார்த்ததும் கருவி எங்கே அழுந்தத் தொடங்கியது, எங்கே எழும்பியது என்று சொல்லிவிடுவாள். ஆனால் இந்தக் கதவில் இருந்ததற்கு அவளால் அர்த்தம் சொல்ல முடியவில்லை.

நெஞ்சு உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு, ஒன்றன்கீழ் ஒன்றாகச் சாய்வுக் கோடுகள். நகக் கீறல் என்றால் மூன்று நான்கு கோடுகள் சேர்ந்தே வரும். தொடக்கத்தில் அழுத்தமாக இருந்து முடிவில் நடுங்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். இவை அப்படி இல்லை. ஒவ்வொரு கோடும் தனியாக இருந்தது. ஒவ்வொன்றும் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கியது. எல்லாம் வலப்பக்கம் ஒரே நேரில் முடிந்தன, முடிகிற இடத்திலிருந்து நேர்க்கோடு ஒன்று கீழே போயிற்று. பெயின்ட் மட்டுமே சீவப்பட்டிருந்தது, அடியில் இருந்த பலகையில் காயமே இல்லை. வெளியே போகத் துடித்துக் கதவைப் பிறாண்டுகிறவர் பலகைக்கு வலிக்குமே என்று பார்த்தா பிறாண்டுவார்?

அது அவள் மாமியார் ரோசரியின் அறை. ரோசரி காணாமல் போய் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது.

கிறிஸ்டினின் கணவன் யேசுதாசன் இறந்தபிறகு, பத்து காஜாவுக்கு வெளியே இருக்கும் இந்தத் தாமான் குடியிருப்பில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். பிள்ளை இல்லை. ரோசரிக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. முதலில் மகன் செத்தது மறந்துபோனது, பிறகு கிறிஸ்டின் யார் என்பது. கடைசியில், வேலை முடிந்து வரும் மருமகளின் சட்டையில் ஒட்டியிருக்கும் ரப்பர் பால் வாடையை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டார். வாசலுக்கு வந்து மூக்கை உறிஞ்சி, “இன்னிக்குப் பால் எறங்குச்சா?” என்று கேட்பார். கையுறைக்கான பால் டேங்கர் லாரியில் வந்து குழாய் வழியாகத் தொட்டியில் இறங்கும். கிறிஸ்டின் பிறந்து வளர்ந்தது ஈப்போ டவுனில்; ரப்பர் மரத்தில் பால் எடுப்பதை அவள் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. “எறங்குச்சு மாமி, நல்லா எறங்குச்சு” என்பாள். கிழவிக்கு முகம் மலர்ந்துவிடும்.

பகல் ஷிப்டில் பக்கத்து வீட்டுப் பிரமிளா அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வாள். இரவு ஷிப்டுக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து தெருவில் இறங்கிவிடும் பழக்கம் ரோசரிக்கு வந்தபோது, கிறிஸ்டின் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தாள். இரவு ஷிப்ட் நாட்களில் மாமியார் தூங்கியதும் அதைப் போட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவாள். காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத் திறப்பாள்.

அந்தத் தாழ்ப்பாளும் இந்தக் கோடுகளும் இப்போது ஊருக்கே தெரியும். போலீஸ் வந்துபோன நாளில் வீட்டுக்குள் நுழைந்த எல்லோர் கையிலும் போன் இருந்தது. படம் எடுத்தது யார் என்று கேட்க முடியாது. மறுநாள் அது பக்கவாட்டில் திரும்பிப்போய், சிவப்பு வட்டத்தோடு எல்லார் கைக்கும் வந்துவிட்டது. கீழே ஆளாளுக்கு எழுதினார்கள். மருமகள் முகத்தைப் பார், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை என்றார் ஒருவர். வீட்டுக்காகத்தான் என்றார் இன்னொருவர். சிம்பாங் பூலாயில் பாட்டியைப் பார்த்ததாக ஒருவர் சொல்ல, அது ஆவியாக இருக்கும் என்று மற்றொருவர் சிரித்துவைத்தார். ஒட்டுக்கடையில் தோசை வாங்க நின்றபோது, பின்னால் இருந்த மேசையில் ஒருவன் குரலைத் தாழ்த்தாமலே சொன்னான்: “எங்கடா தேடுறானுங்க? குளோவ் பெக்டரி பாய்லர்ல போய்ப் பாக்கச் சொல்லு லா.” மேசையே சிரித்தது. கிறிஸ்டின் தோசையை வாங்காமல் திரும்பினாள்.

எல்லாவற்றையும்விட வேகமாகப் பரவியது பிரமிளா தாமான் குழுவில் போட்ட குரல் பதிவு. “பாவம் லா அந்தப் பாட்டி. போறதுக்கு மொத நாளு ராத்திரி, மழையில, ‘வெட்டாத, வெட்டாத’ன்னு ஒரே கத்து. இந்தக் காதால கேட்டேன்.” அவள் பொய் சொல்லவில்லை. கிறிஸ்டினும் அதைக் கேட்டாள். அன்று அவளுக்கு ஷிப்ட் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது ரோசரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். “வெட்டாத, ஈரம், ஈரம்.” படுக்கையை நனைத்துவிட்டாரோ என்று தடவிப் பார்த்தாள், காய்ந்துதான் இருந்தது. போலீஸ் பாலாய்க்குக் கூப்பிட்டு அதிகாரி இதைக் கேட்டபோது, கத்தினார் என்பதையும், ஏன் என்று தெரியாது என்பதையும் அப்படியே சொன்னாள். வீட்டில் கத்தி ஏதாவது குறைகிறதா என்று கேட்டார். அவர்களே வந்து எண்ணிப் பார்த்தார்கள். கத்தி எதுவும் குறையவில்லை.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கிள்ளானிலிருந்து வந்திருக்கும் பிலோமினா, ரோசரியின் மூத்த மகள். வந்த நாளிலிருந்து அவள் இந்த வீட்டு அடுப்பில் வைத்த எதையும் தொடவில்லை. முச்சந்திக் கடையில் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிவந்து, வாசற்படியில் உட்கார்ந்து உறிஞ்சுவாள். இரவு சோபாவில் படுத்துக்கொண்டு, கிறிஸ்டின் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கண்ணைத் திறந்து பார்ப்பாள். தாழ்ப்பாளைப் பார்த்த அன்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “நாயக்கூட வெளியிலதான்டி கட்டுவாங்க.” அதற்குப்பிறகு அம்மாவின் அறைப்பக்கமே வரவில்லை.

கிறிஸ்டின் எழுந்து கதவைத் திறந்தாள்.

“அக்கா, கொஞ்சம் உள்ள வாங்களேன்.”

“எதுக்கு? போட்டோல பாத்தது போதாதா? எனக்குத் தெம்பு இல்ல.”

“நான்தான் கொன்னேன்னே வச்சுக்கங்க. ஆனா இத ஒரு தடவ நேர்ல பாத்துட்டுச் சொல்லுங்க. இது நகம் இல்லக்கா.”

 பிலோமினா முழங்காலில் கையூன்றி எழுந்து வந்தாள். கிறிஸ்டின் கதவைச் சாத்தி விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். கோடுகள் எழுந்து நின்றன. பிலோமினா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி மெல்லத் திரும்பினாள். கை தானாக மேலே போயிற்று. இடப்பக்கம் மேல் முனையில் விரலை வைத்து, கோட்டின் வழியே வலப்பக்கம் கீழே வரைக்கும் இழுத்தாள். அங்கிருந்து விரல் நேர்க்கோட்டில் இறங்கி, கோடு முடிந்த இடத்தில், எதையோ ஏந்துவதுபோல் உள்ளங்கையாக விரிந்தது.

“எந்த நாசமாப்போனவன்டி போட்டோவப் படுக்கப்போட்டு எடுத்தவன்?” என்றாள். “பீச்சாங்கைப் பக்கம் மேல, சோத்தாங்கைப் பக்கம் கீழ. அம்மா பால் வெட்டிருக்கு.”

பள்ளிக்கூடம் போகும்முன் அம்மாவோடு ரப்பர்த் தோட்டத்துக்குப் போய், வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரித்த பிள்ளை அவள். தரையில் கிறிஸ்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து விட்டுவிட்டுச் சொன்னாள். ரப்பர் பால் மரத்துக்குள் இல்லை, பட்டைக்குள் இருக்கிறது. பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் செங்குத்தாக நிற்பதில்லை. முறுக்கிய கயிற்றின் இழைபோல, மேலே போகப்போக வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அதனால் வெட்டு அதற்கு எதிராக, இடமிருந்து வலம் இறங்க வேண்டும். அப்போதுதான் நிறைய நாளங்கள் அறுபடும். பால் அந்தச் சரிவில் ஓடிவந்து நேர்க்கோட்டில் இறங்கி மங்குக் கிண்ணத்தில் சொட்டும். அடுத்த முறை அதே கோட்டுக்குக் கீழே இன்னொரு சீவல், பட்டையை மட்டும். கத்தி உள்மரத்தைத் தொட்டால் அந்த இடம் முண்டு கட்டிவிடும், பிறகு அங்கே வெட்ட முடியாது. மேற்பார்வை மண்டோர் கத்துவான். ரோசரி வெட்டிய மரத்தில் காயம் என்று ஒருநாளும் ஒருவரும் கத்தியதில்லை.

“மழ பேஞ்சா?” என்று கேட்டாள் கிறிஸ்டின்.

“மழ பேஞ்சா எப்படி வெட்டுறது? பட்ட ஈரமா இருந்தா பால் கோட்டுல நிக்காது, மரம் பூரா வழிஞ்சு வீணாப்போயிரும். ஈரம் காயுற வரைக்கும் வெட்டாதன்னுதான்...” பிலோமினா நிறுத்தினாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சுவருக்கு அப்பால் பிரமிளாவின் வீட்டுத் தொலைக்காட்சி யாருக்காகவோ சிரித்துக்கொண்டிருந்தது.

கிறிஸ்டின் விளக்கை அணைத்தாள். போலீஸிடம் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. அவர்கள் கேட்காததால் சொல்லவில்லை. மழை பெய்ததற்கு மறுநாள் சாயங்காலம், படுக்கை விரிப்பை மாற்றும்போதுதான் அவள் முதன்முதலாக இந்தக் கோடுகளைப் பார்த்தாள். அப்போது அவற்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்கும் துணிவு அவளுக்கு வரவில்லை. திறந்துவிடு என்று கிழவி கெஞ்சியிருக்கிறார், நான் பூட்டிவிட்டுப் போயிருக்கிறேன் என்பது மட்டுமே மனதில் நின்றது.

“தாழ்ப்பாள் போடலன்னுதான் போலீஸ்ல சொன்னேன், ஏன்னு சொல்லல. இதப் பாத்துட்டுதான்க்கா அன்னிக்கு ராத்திரி போடாமப் போனேன்” என்றாள். “வாசல் கேட்டுக்கு மட்டும் கொக்கி போட்டுட்டுப் போனேன். பாவம்னு நெனச்சேன்.”

ஊர் சொல்லுகிற எல்லாவற்றையும்விட இது கனமாக இருந்தது. ஏதாவது ஒரு வசவு வரும் என்று காத்திருந்தாள். பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா நானும் பூட்டுதான் போட்டிருப்பேன்” என்றாள். “அதான் கூட்டிட்டுப் போகல. சூசா, செரமம்னு சொன்னேன், எடம் இல்லன்னு சொன்னேன். ஒனக்குத் தெரியாதா?”

தெரியும்.  ஆனால் வேறொன்று கிறிஸ்டினின் மனதில் ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு கையுறையில் ஓட்டை வந்தால் அந்த ஒன்றோடு நிறுத்தக் கூடாது. அதே வரிசையில் அடுத்ததைப் பார்க்க வேண்டும், அதற்கும் அடுத்ததை. தாழ்ப்பாள் போட்டிருந்த நாட்களில் ரோசரிக்கு இந்தக் கதவு மட்டும்தான் மரம். அன்று கதவு திறந்திருந்தது. மழை விட்டு ஒரு பகல் காய்ந்திருந்தது. வெட்டு நாள்.

“ஒரு மரத்த வெட்டி முடிச்சா, அப்புறம் என்னக்கா?”

“அப்புறம் என்ன, அடுத்த மரம். நெரை முடியுற வரைக்கும் போயிக்கிட்டே இருக்கணும்.”

கிறிஸ்டின் எழுந்து சமையலறைக்குப் போனாள். இழுப்பறையைக் கவிழ்த்தாள். கத்திகள் இருந்தன, கரண்டிகள் இருந்தன. உருளைக்கிழங்குத் தோல் சீவுகிற பீலர் இல்லை. அதைக் கத்தி என்று போலீஸும் எண்ணவில்லை, அவளும் எண்ணவில்லை. மெல்லிசாக, தோலை மட்டும் எடுப்பது; இழுத்தால் வருவது.

இருவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். வேலிக்கு அப்பால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பிரமிளா, இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் கையிலிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். “எங்கக்கா போறீங்க?” என்றாள். பிலோமினாதான் பதில் சொன்னாள். “மரம் பாக்க.”

தேடியவர்கள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தார்கள். பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் படகு விட்டுப் பார்த்தார்கள். சாக்கடைகளை எட்டிப் பார்த்தார்கள். எதிர்த்திசையில், தாமானைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்தை நோக்கிப் போகும் சாலையின் ஓரத்தில், நகராண்மைக் கழகம் நட்ட அங்சானா மரங்கள் ஒரே சீராக இடைவெளி விட்டு நின்றன. வேங்கை இனம் அது. பட்டையைச் சீவினால் பால் வராது, சிவப்புப் பிசின் கசியும்.

முதல் மரத்தில், கதவில் இருந்த அதே உயரத்தில், மெல்லிய சீவல் ஒன்று இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. அதன் முனையிலிருந்து சிவப்பு வழிந்து கறுத்துக் காய்ந்திருந்தது. அதன்பிறகு மழையே பெய்யாததால் கலையாமல் இருந்தது. மரத்தடியில் ஒரு தயிர் டப்பா மூடி, மல்லாக்க, மங்கு வைப்பதுபோல் வைத்திருந்தது. பிலோமினா குனிந்து அதை எடுக்கப் போனாள். எடுக்காமல் நிமிர்ந்தாள்.

இரண்டாவது மரத்திலும் இருந்தது. மூன்றாவதிலும். அதற்குமேல் மூடிகள் இல்லை, சீவல் மட்டும் இருந்தது. எந்த மரத்திலும் காயம் இல்லை. கடைசி விளக்குக் கம்பத்துக்கு அப்பாலும் மரங்கள் வரிசையாகப் போய், செம்பனையின் இருட்டுக்குப் பக்கத்தில் சிறுத்துத் தெரிந்தன. கிறிஸ்டின் நின்று, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

“கீறல் இருக்குற மரம் வரைக்கும் மாமி நடந்துருக்காங்க. கீறல் இல்லாத மொத மரத்தக் கண்டுபிடிக்கணும்க்கா. அதுக்கும் அதுக்கு முந்துன மரத்துக்கும் நடுவுலதான் தேடணும்.”