இடது பக்கம் பெட்ரோல், வலது பக்கம் சூடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, நான் செய்த ஒரு தவறில் பிறந்தது. அந்தத் தவறை என் தம்பி தன் தலையில் போட்டுக்கொண்டான். நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தேன். ஐந்து வாரம் ஆகிறது. நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாததால் எழுதுகிறேன். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி.

எப்படித் தொடங்குவது என்பதிலேயே மூன்று நாள் போய்விட்டது.

பழைய வண்டியின் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு (வேண்டாம். விட்டால் "இருண்ட உலகம்" என்று முடிப்பேன். என்னை எனக்குத் தெரியும்.)

அவனுக்கு வேலை போய் இரண்டு வருடம் (உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே அவனைப் பாவமாக்கினால் கதை முழுக்கப் பாவமாகவே திரிவான். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

சரி, சுற்றி வளைக்காமல் வருகிறேன்.

2

தம்பிக்கு நாற்பத்துமூன்று வயது. கண்ணாடித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். அதை மூடினார்கள். என் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தான். அதன்பிறகு இரண்டு வருடம் எங்கள் பேச்சு இப்படித்தான் இருந்தது.

"சாப்பிட்டியா?"

"ம்."

"கொஞ்சம் வெளியே போயிட்டு வாயேன்."

"ம்ஹும்."

தெருமுனை பேக்கரிக்காரம்மாதான் இதை மாற்றினார். கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் டிரைவர் மாசக் கடைசியில் வேலையை விட்டு நிற்கிறார் என்றும், ஓடுகிற வண்டியோடு வந்தால் அந்த வேலை தம்பிக்குத்தான் என்றும் சொன்னார். தம்பி அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கியவன் பழைய இரும்புக் கடையில் போய் நின்றான். திரும்பி வரும்போது பின்னால் ஒரு பிக்கப் வண்டி கயிறு கட்டி இழுபட்டு வந்தது. எஞ்சின் கெட்டி. உடம்பு சுமார். வயரிங்கை எலி தின்றிருந்தது. மாசக் கடைசிக்குக் கையில் பத்தொன்பது நாள்.

3

(இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாவிட்டால் என் குற்றத்தின் அழகு உங்களுக்குப் புரியாது.)

வண்டியில் ஸ்டியரிங்குக்கு முன்னால் நடுவில் வேகம் காட்டும் பெரிய மீட்டர். அதற்கு இடது பக்கம் பெட்ரோல் மீட்டர், வலது பக்கம் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர். பெட்ரோல் டேங்கிலிருந்து ஒரு வயர் வந்து பெட்ரோல் முள்ளை ஆட்டுகிறது. எஞ்சினிலிருந்து ஒரு வயர் வந்து சூட்டு முள்ளை ஆட்டுகிறது. அவ்வளவுதான். ஆனால் எங்கள் வண்டியில் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஏழு வயர் தொங்கியது. ஏழும் ஒரு காலத்தில் ஏழு நிறமாக இருந்திருக்கும். இப்போது எல்லாமே அழுக்கு நிறம். எது எங்கிருந்து வருகிறது என்று வண்டியைத் தயாரித்தவனைக் கூப்பிட்டாலும் சொல்ல மாட்டான்.

அதனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தோம். தம்பி வண்டிக்கு அடியில் படுத்து ஒரு வயரின் நுனியை வண்டியின் இரும்பில் வைப்பான். நான் சீட்டில் உட்கார்ந்து மல்டிமீட்டரை ஏழு நுனியிலும் தொட்டுப் பார்ப்பேன். சரியான ஜோடி கிடைத்தால் அது கூவும்.

"கூவுதா?"

"இல்ல."

"அடுத்தது?"

"இல்லடா."

"தொடுறியா, சும்மா பாத்துட்டு இருக்கியா?"

"தொடுறேன்டா! இரு... கூவுது! கூவுது!"

"எதுல?"

"மூணு! மூணாவது!"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. இரண்டு வருடமாக "ம்" போட்டுக்கொண்டிருந்தவன் வண்டிக்கு அடியிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேண்டுமென்றே ஒன்றிரண்டு தடவை தாமதமாகத் தொட்டேன், இன்னும் நாலு திட்டு கிடைக்கட்டுமே என்று.

4

இப்போது குற்றம்.

டேங்கிலிருந்து வருவது மூன்று, எஞ்சினிலிருந்து வருவது ஆறு என்று தெரிந்தது. நான் டேப்பில் எண் எழுதி ஒட்டினேன். மீட்டர் பெட்டியின் பின்பக்கம் எந்த முனையில் எந்த எண் போக வேண்டும் என்று தம்பி ஒரு தாளில் வரைந்தான். ஆயில் கறை, அடித்தல், கோழி கிளறிய மாதிரி எழுத்து. "அக்கா, இதைக் கொஞ்சம் நல்லாப் படியெடுத்துக் குடு" என்றான்.

படியெடுத்தேன். எடுக்கும்போது பார்த்தால் அவன் பெட்ரோலை வலது பக்கம் போட்டிருந்தான், சூட்டை இடது பக்கம். நான் சீட்டில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்திருக்கிறேன், பெட்ரோல் இடது பக்கம். பாவம், அவசரத்தில் குழம்பிவிட்டான் என்று நினைத்தேன். திருத்தினேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.*

நான் முன்பக்கத்திலிருந்து பார்த்தேன். அவன் பின்பக்கத்திலிருந்து வரைந்திருந்தான். பின்னாலிருந்து பார்த்தால் இடதும் வலதும் மாறும் என்பது கண்ணாடி பார்க்கிற யாருக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடமாகக் கதை எழுதி, வாசகர் உட்காருகிற பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகிவிட்டேன்.

* அடுத்தவர் பிரதியில் கைவைப்பது எனக்கு வியாதி. கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருத்தித்தான் படிப்பேன்.

5

தம்பி டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, என் தாளை நெஞ்சில் வைத்து, பார்த்துப் பார்த்து மாட்டினான். மூன்றும் ஆறும் இடம் மாறிப் போயின. நான் எழுதியதை வரிக்கு வரி நம்பி ஒருவர் ஒரு காரியம் செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

டேங்கில் ஒரு கேன் பெட்ரோல் ஊற்றினோம். எஞ்சின் முதல் திருப்பிலேயே எடுத்தது. பெட்ரோல் முள் அசையவில்லை. பத்து நிமிடம் ஓடவிட்டதும் மெதுவாக எழுந்து பாதியில் நின்றது. "பழைய முள்ளு, சோம்பேறி" என்றான் தம்பி. சூட்டு முள் கால்வாசியிலேயே நின்றது. "எஞ்சின் சூடே ஆகலக்கா!" இரண்டு பேரும் கைதட்டினோம். (சூடான எஞ்சின் பெட்ரோல் முள்ளைத் தூக்கியது, கால் டேங்க் பெட்ரோல் சூட்டு முள்ளைப் பிடித்து வைத்திருந்தது. இப்போது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.)

மறுநாள் காலை பேக்கரிக்காரம்மா வெள்ளோட்டம் பார்க்க வந்தார். பின்னால் ரொட்டித் தட்டுகள், முன்னால் தம்பி, நான், அந்தம்மா.

(முதல் பிரதியில் இந்த அம்மாவைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதியிருந்தேன். கதைக்குக் காரமாக யாராவது வேண்டாமா? ஆனால் வண்டியில் ஏறியதும் எனக்கு ஒரு சூடான பன் கொடுத்தார். அதைத் தின்றுவிட்டு அவரை அப்படி எழுத மனம் வரவில்லை.)

மேட்டில் ஏறும்போது அவர்தான் முதலில் பார்த்தார்.

"என்னப்பா இது, ஓட்ட ஓட்டப் பெட்ரோல் கூடுது? பாதியில இருந்துச்சு, இப்ப முக்கால்."

நான் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. முள் முழுசைத் தொட்டது. அவன் அதே நொடியில் எஞ்சினை அணைத்து வண்டியை ஓரமாக உருட்டினான். பானெட்டைத் திறந்தால் ஆவி. ரேடியேட்டர் குழாயின் கிளிப் தளர்ந்து தண்ணீர் பாதிக்குமேல் போயிருந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர் போயிருந்தால் எஞ்சின் போயிருக்கும், வேலையும் போயிருக்கும், அவன் திரும்ப மாடி ஏறியிருப்பான்.

"எங்க தப்பு?" என்று கேட்டார் அந்தம்மா.

தம்பி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். என் கையெழுத்து. தாளைப் பார்த்தான். குனிந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான்.

"என் தப்புங்க. படுத்துக்கிட்டு மாட்டினதுல மாத்தி மாட்டிட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. நான் பன் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி பண்ணிட்டு நாளைக்கு மறுபடி கூப்பிடு, பாப்போம்" என்றார் அந்தம்மா. மறுநாள் எல்லா முள்ளும் ஒழுங்காக நின்றது. வேலை கிடைத்தது. இப்போது தினமும் விடிகாலையில் விசில் அடித்துக்கொண்டு இறங்கிப் போகிறான்.

6

இதற்கு முடிவு வைக்க வேண்டும்.

(அ) அன்றைக்கே நான் உண்மையைச் சொன்னேன். அவன் சிரித்து என் தலையில் குட்டினான். (பொய். நான் சொல்லவில்லை.)

(ஆ) என் திருத்தம் அவனுக்குக் கடைசிவரை தெரியாது. (எனக்கு ரொம்ப வசதி. ஆனால் அந்தத் தாளை அவன் இரண்டு தடவை பார்த்தானே.)

(இ) போன ஞாயிற்றுக்கிழமை அவன் இன்னொரு கறை படிந்த தாளோடு என் மேஜைக்கு வந்தான். இது நிஜம்.

"அக்கா, பின் லைட்டுக்கு வயர் மாத்தப் போறேன். இதை நல்லாப் படியெடுத்துக் குடு."

"நானா?"

"உன் எழுத்துதான் படுத்துக்கிட்டுப் பாத்தாலும் தெரியுது."

வாசல் வரை போனவன் நின்றான்.

"இருக்கிற மாதிரியே எழுது. நான் பின்னாடி இருந்து பாக்குற ஆளு."

அவனுக்குத் தெரியும். முதல் நொடியிலிருந்தே தெரியும். தெரிந்தே, அந்தம்மா முன்னால் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு, வேலை போனாலும் போகட்டும் என்று என்னைக் காப்பாற்றியிருக்கிறான். தெரிந்தே மறுபடி என் கையில் தாளைக் கொடுக்கிறான். இந்த மாதிரி ஒரு தம்பி கிடைக்க நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். ஒன்றும் செய்யவில்லை.

7

படியெடுத்தேன். கோணல் கோடுகூட அப்படியே. அதோடு, இதுவரை நீங்கள் படித்த பக்கங்களையும் பின் குத்தி, "வயரிங் விஷயத்துல தப்பு இருந்தா சொல்லுடா" என்று கொடுத்தேன்.

இந்தக் கடைசித் தாளை ஜன்னலோரம் நின்று எழுதுகிறேன். கீழே வண்டியின் கதவைத் திறந்துபோட்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, விரலை வரி வரியாக நகர்த்திப் படித்துக்கொண்டிருக்கிறான். என் கதை எதையும் அவன் இதுவரை படித்ததில்லை. விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுக்கிறான். ஏதோ எழுதுகிறான்.

"அக்கா!"

"என்னடா?"

"அஞ்சாம் பகுதியில 'என் தப்புங்க'ன்னு போட்டிருக்கே."

"நீ அப்படித்தானடா சொன்னே?"

"அதை அடிச்சுட்டேன். 'எங்க ரெண்டு பேரு தப்புங்க'ன்னு மாத்திட்டேன். நானும் மாட்டிட்டு ஒரு தடவை செக் பண்ணியிருக்கணும்."

என்னைக் கேட்காமல் என் பிரதியைத் திருத்திவிட்டான்.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். அன்றைக்கு அவன் சொன்னதை என் காதால் கேட்டேன், அது "என் தப்புங்க"தான். நடந்ததை நடந்தபடி விடுவதா, அவன் திருத்தத்தை ஏற்பதா? முடிவெடுக்க என்னால் ஆகவில்லை. நீங்களே ஐந்தாம் பகுதிக்குத் திரும்பிப் போய், எது சரியென்று படுகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கீழே போகிறேன். அவனிடம் வாயைத் திறந்து நன்றி சொல்ல வேண்டும்.